பெப்பர்மின்ட்டும் புதினாவும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதிகளில் உள்ள அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் கேட்கும் சொற்களில் ஒன்று ‘கேஸ்’. வயிற்று உப்புசம், ஏப்பம், நெஞ்சுக் கரிப்பு, விலாப்பிடிப்பு ஆகிய அனைத்தும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. இவ்வாறு கூறி வருவோரில் பலர், புதினாக் கஷாயம் குடித்தும், பெப்பர்மின்ட் மிட்டாயைச் சுவைத்தும், தைலம் தடவியும் பார்த்த பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். இவற்றுள் சில உண்மையிலேயே பயன் தருபவை. எது, எந்த நோய்க்கு, எந்த அளவில் என்பதை அறியாமல் பயன்படுத்தும்போதுதான் இடர் நேர்கிறது.

பெயர் ஒன்று, செடிகள் மூன்று

உழவர் சந்தையில் நீங்கள் கட்டாக வாங்கும் புதினா பெப்பர்மின்ட் அன்று. அது பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா என்னும் இனம். அதன் மணத்திற்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். அதில் மெந்தால் மிகக் குறைவு. மெந்தா பைபரிட்டா எனப்படும் பெப்பர்மின்ட், இந்தப் புதினாவும் நீர்ப்புதினாவும் கலந்து உருவான கலப்பினம். மிளகைப் போன்ற காரம் உடையதால் அப்பெயர் பெற்றது. விதையால் பெருகாத இச்செடியைத் தண்டு வேர்களைப் பிரித்து நட்டே வளர்க்க வேண்டும். குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்புவதால் நம் பகுதித் தோட்டங்களில் இதைக் காண்பது அரிது. இதன் எண்ணெயில் ஏறத்தாழ 30 முதல் 55 விழுக்காடு வரை மெந்தால் உள்ளது.

மூன்றாவது, மெந்தா அர்வென்சிஸ். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி உள்ளிட்ட மாவட்டங்களில் பெரும் பரப்பில் பயிராவது இதுவே. இதிலிருந்து எடுக்கப்படும் மெந்தால் படிகங்களே ‘புதினா உப்பு’ என்ற பெயரில் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. வலித் தைலங்களிலும் இருமல் மிட்டாய்களிலும் சேர்வது பெரும்பாலும் இந்த மெந்தாலே. புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் ஆகிய மூன்றையும் ஒரு குப்பியில் இட்டால் தீயில்லாமலே உருகி நீராகிவிடும். பல வீடுகளில் வயிற்றுவலிக்கும் தலைவலிக்கும் வைத்திருக்கும் அந்தத் திரவம் புதினா இலையைவிடப் பன்மடங்கு செறிவுடையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குளிர்ச்சி என்பது உணர்வே

மெந்தால் உடலைக் குளிர்விப்பதில்லை. தோலிலும் வாயிலும் மூக்கிலும் உள்ள நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென ஓர் ஏற்பி இருக்கிறது. மெந்தால் அதைத் தூண்டுவதால், வெப்பநிலை மாறாமலே குளிர்ந்தது போன்ற உணர்வு எழுகிறது. 2002ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே மெந்தாலைக் கொண்டே இந்த ஏற்பியை இனங்கண்டனர். வெப்பம், தொடுதல் ஆகியவற்றுக்கான ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்களே.

சளி பிடித்தபோது மெந்தால் முகர்ந்தால் மூக்குத் திறந்துவிட்டதாகத் தோன்றும். அளந்து பார்த்தால் மூக்கின் வழியே செல்லும் காற்றின் அளவு மாறியிருப்பதில்லை. ஆறுதல் கிடைப்பது உண்மைதான். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கிறது. தைலம் தடவிய பின் ‘மூச்சு சரியாகிவிட்டது’ என்று எண்ணி, மூச்சிரைப்பு உள்ள குழந்தையையோ ஆஸ்துமா நோயாளியையோ வீட்டிலேயே வைத்திருக்கலாகாது.

வயிற்றுக்கு எங்கே உதவுகிறது?

குடலில் மெந்தாலின் செயல் வேறு. குடற்சுவரின் தசைகள் சுருங்குவதற்குக் கால்சியம் தேவை. அது தசைக்குள் நுழைவதை மெந்தால் தடுப்பதால் தசை தளர்ந்து, பிடிப்பு வலி குறைகிறது. ஐ.பி.எஸ். எனச் சுருக்கமாகக் கூறப்படும் எரிச்சலுறும் குடல் நோயில், வயிற்றுவலியும் உப்புசமும் மலம் கழிக்கும் முறையில் மாற்றமும் மாதக்கணக்கில் தொடரும். பெப்பர்மின்ட் எண்ணெய் ஆய்வு செய்யப்பட்டிருப்பது பெரும்பாலும் இந்நோய்க்குத்தான். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனைப் பயன்படுத்தலாம் என்று கூறுகிறது. எனினும் சான்றின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. நெதர்லாந்தில் 190 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் வலியின் கடுமை ஓரளவு குறைந்தது. சிலருக்கு உதவும் துணை மருந்து என்று கொள்வதே சரி.

பயன்படுத்தும் முறையும் முக்கியம். இரைப்பையில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் உறையிட்ட குளிகையாக, வழக்கமாக 0.2 மி.லி. வீதம், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு இது தரப்படுகிறது. குளிகையை மெல்லவோ உடைக்கவோ கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளுடன் சேர்த்து விழுங்கினால் உறை முன்னதாகவே கரைந்துவிடும். நறுமணத்திற்காக விற்கப்படும் 10 மி.லி. எண்ணெய்ப் புட்டியில் இத்தகைய 50 குளிகைகளுக்கான எண்ணெய் இருக்கிறது. அதிலிருந்து சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து குடிப்பது மருத்துவம் ஆகாது.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடை இழப்பு, இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய வயிற்றுத் தொல்லை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், எந்த மூலிகையையும் முயலாமல் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பித்தப்பைக் கற்கள் உள்ளவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் சைக்ளோஸ்போரின் உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் பெப்பர்மின்ட் எண்ணெய்க் குளிகைகளை எடுக்கக் கூடாது.

தலைவலியைப் பொறுத்தவரை, பெப்பர்மின்ட் எண்ணெயின் 10 விழுக்காடு கரைசலை நெற்றியில் தடவுவது இறுக்கத் தலைவலியைக் குறைக்கிறது என்று 1996இல் ஜெர்மனியில் வெளியான சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. கண்ணில் படாமல் தடவ வேண்டும்.

நெஞ்சில் வலி என்றால்

உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசையையும் மெந்தால் தளர்த்துகிறது. இதனால் ஏப்பம் எளிதாக வெளியேறும்; அதே வழியாக அமிலமும் மேலே ஏறும். நெஞ்சுக் கரிப்பு உள்ளவர்களுக்குப் பெப்பர்மின்ட் அத்தொல்லையை மிகுதியாக்குவது இதனால்தான்.

இதைவிடக் கவலை தருவது மற்றொன்று. மாரடைப்பின் வலி பல வேளைகளில் மேல்வயிற்று இறுக்கமாகவோ அசீரணமாகவோ தோன்றும். நீரிழிவு நோயாளிகளிடமும் பெண்களிடமும் முதியோரிடமும் இது அதிகம். இரவுப் பயணத்தில் இருக்கும் லாரி ஓட்டுநரோ, விசைத்தறியில் நிற்கும் தொழிலாளியோ ‘கேஸ்தான்’ என்று ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். ஓர் ஏப்பம் வருகிறது. சற்று இதமாக இருக்கிறது. அந்த இதத்தை நம்பி விடியும்வரை காத்திருந்து வந்தவர்களின் இ.சி.ஜி.யைக் கையில் எடுக்கும்போது, இன்னும் சில மணி நேரம் முன்பாக வந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத அரசு மருத்துவர் இருக்க முடியாது. இரத்த ஓட்டம் தடைபட்ட இதயத்தசை ஒவ்வொரு நிமிடமும் மடிந்துகொண்டிருக்கிறது.

நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ இறுக்கம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்த்தல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் மிட்டாயும் கஷாயமும் வேண்டா. 108ஐ அழையுங்கள், நீங்களே வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். 2023இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்கான தொடக்க நிலை மருந்துகள் தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. பரிசோதனையில் அது வாயுத் தொல்லை என்று தெரிந்தால் எவரும் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டார்கள்.

குழந்தைகள் உள்ள வீடுகளில்

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ, முகத்திலோ, மார்பிலோ மெந்தாலும் கற்பூரமும் கலந்த தைலத்தைத் தடவக் கூடாது. மெந்தாலின் வீரியத்தால் குழந்தையின் குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் சென்றாலும் வலிப்பு வரலாம். ‘எங்களுக்கும் இப்படித்தான் தடவினார்கள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவது இயல்பே. அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை தைலத்தையோ எண்ணெயையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொதிநீரில் தைலம் இட்டு ஆவி பிடிக்க வைப்பதும் குழந்தைகளுக்கு வேண்டா. பாத்திரம் கவிழ்ந்து வெந்நீர்க் காயம் ஏற்படலாம்.

சமையலறைப் புதினா

இத்தனை எச்சரிக்கைகளும் எண்ணெய்க்கும் தைலத்துக்கும் உரியவை. துவையலாகவும், சாதத்திலும், மோரிலும் சேர்க்கும் புதினா இலையை, கர்ப்பிணிகள் உட்பட, அனைவரும் உணவின் அளவில் உண்ணலாம். ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்பே பயன்படுத்துங்கள். புதினாத் தேநீர் அருந்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை பெறும் கர்ப்பிணிகளும் வளரிளம் பெண்களும் மாத்திரைக்கும் இத்தேநீருக்கும் இடையே குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடவும்.