புதுச்சேரி மரபு வீடுகளில் குளியலறை புதுப்பித்தல்

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியிலும், வைசியாள் வீதி அமைந்த தமிழர் பகுதியிலும் உள்ள பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. மாடித்தளம் பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' முறையிலானது. மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இடுவர். தமிழர் வீடுகளில் குளிக்குமிடம் கொல்லைப்புறத்தில் இருந்தது. இப்போது அது வீட்டுக்குள் வருவதால், புதுப்பிப்போர் முதலில் கவனிக்க வேண்டியது ஈரம்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, கூரைவரை டைல்ஸ் ஒட்டினால் உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்து உதிரும். மாடியில் கசிந்தால் உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். எனவே தரைத்தளமே குளியலறைக்கு ஏற்றது.

நீர்த்தடுப்புப் பூச்சிட்டு, குறைந்தது 24 மணி நேரம் நீர் தேக்கிச் சோதித்த பின்னரே டைல்ஸ் பதிக்க வேண்டும். தரை, வடிகாலை நோக்கி மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிந்திருக்க வேண்டும். சுவரில் நீர் தெறிக்கும் உயரம்வரை டைல்ஸ் போதும். அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சை அப்படியே விடலாம்.

வாஷ்பேசினுக்குக் கீழுள்ள அலமாரியைத் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்யலாம். அதைத் தரையில் படாமல் உயர்த்தி அமைத்தால் மரம் நனையாது. குழாய்க் கசிவும் உடனே கண்ணில் படும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் பித்தளைக் கீல்களே நீடிக்கும்.