ஒளிரும் பொருளும் புகைப்படமும்

உலகத்துப் பொருள்களெல்லாம் ஒளியினாலேயே கண்ணுக்குப் புலனாகின்றன. ஆயினும் எல்லாப் பொருள்களும் ஒளியை ஒரு தன்மையாக ஏற்பதில்லை. கல்லும் மரமும் பருத்தித் துணியும் தம்மேல் வீழும் ஒளியை நாற்றிசையும் சிதறவிடுகின்றன. ஆகலின் அவற்றை எப்பக்கம் நின்று நோக்கினும் தோற்றம் பெரிதும் வேறுபடுவதில்லை. மெருகிட்ட வெள்ளியும் வெண்கலமும் கண்ணாடியுமோ ஒளியை ஒழுங்காக ஒரு திசையிலேயே திருப்பிவிடுகின்றன. இவற்றைப் புகைப்படம் எடுக்கப் புகுவோர் இடர்ப்படுவது இவ்வியல்பை உணராமையானேயாம். இதற்குரிய முறைகளை ஈண்டுச் சுருங்கக் கூறி, அவை நாட்டின் பழம்பொருள்களைக் காத்தற்குப் பயன்படுமாற்றையும் காட்டுவாம்.

பளபளப்பான பரப்பின்மேல் ஒளி எக்கோணத்திற் படுகின்றதோ அக்கோணத்திலேயே மீளும் என்பது இயற்பியல் பயில்வார் யாவரும் அறிந்தது. இதனாற் பெறப்படுவது யாதெனின், மெருகிட்ட பொருளை நோக்குங்கால் அதன் எதிரே உள்ளவற்றின் சாயலையே நாம் பெரிதும் காண்கிறோம் என்பதாம். வெள்ளிக் குவளையொன்றை ஒரு விளக்கின் முன் வைத்துப் படம் எடுத்தால், கண் கூசும் வெள்ளைப் புள்ளியும், அறையின் இருளும், காமிராவும், எடுப்பவர் முகமுமே அதிற் படியும். விளக்கின் வலிவைக் கூட்டுதலாற் பயனில்லை. புள்ளி பின்னும் வெளுக்கும். எஞ்சிய இடம் இருண்டே கிடக்கும். ஆதலின் பொருளுக்கு ஒளியூட்டுதலினும் அது நோக்கும் சூழலுக்கு ஒளியூட்டுதலே நெறியாம்.

அதற்கு எளிய கருவி திரை. விளக்கிற்கும் பொருளுக்கும் இடையே வெள்ளை மல் துணியேனும், ஒளி ஊடுருவும் மெல்லிய தாளேனும் கட்டினால், சிறு விளக்கின் இடத்தில் அகன்ற வெண்பரப்பொன்று அமையும். திரை பெரிதாயும் பொருளுக்கு அணித்தாயும் இருத்தல் வேண்டும். எட்ட வைப்பின் அதன் சாயல் சுருங்கி மீண்டும் புள்ளியாய்விடும். தட்டையான தாம்பாளத்திற்கு ஒரு பக்கத்துத் திரை போதும். உருண்ட செம்போ அறை முழுவதையும் தன்னுட் காட்டுவதாகலின், அதனைச் சுற்றிலும் மேலும் துணிக் கூடாரம் அமைத்து, காமிராவின் வில்லைக்கு மட்டும் துளை விடுதல் வேண்டும். அத்துளையின் சாயல் செம்பிற் கரும்புள்ளியாகத் தோன்றவே செய்யும். தொலைநோக்கு வில்லை கொண்டு தள்ளி நின்று எடுத்தால் அது சிறுத்துப்போம்.

முற்றும் வெண்மை சூழினும் குற்றம் நேரும். வெள்ளிப் பாத்திரம் சுண்ணாம்பு பூசியதுபோல வடிவிழந்து நிற்கும். வெண்மையும் கருமையும் அடுத்தடுத்து நின்றாலன்றி மெருகு தோன்றாது. ஆகவே பொருளின் இருமருங்கும், படத்தில் விழாதபடி, கருந்தாட் கீற்றுகளை நிறுத்துவர். அவற்றின் சாயல் விளிம்பிற் கோடாகப் படிந்து உருவத்தை வரைந்து காட்டும். கண்ணாடிக் கலத்திற்குப் பின்னே, காமிரா காணும் அளவிற்கு மட்டும் ஒளித்திரை வைத்துச் சுற்றுப்புறத்தை இருளாக்கினால், வெண்பரப்பிற் கரிய விளிம்பு தோன்றும். பின்னே கரும்பலகை வைத்து அதன் ஓரங்களைச் சுற்றி ஒளி வரவிடின், இருளில் ஒளி விளிம்பு தோன்றும்.

கண்ணாடிச் சட்டத்துள் உள்ள ஓவியத்தைப் படம் எடுப்பார்க்கு மற்றொரு துணையுண்டு. கண்ணாடியிற் பட்டு மீளும் ஒளி தனித்தன்மை பெறுதலை மாலூஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1808-ல் கண்டார். அதற்குரிய கோண விதியை ஸ்காத்லாந்து நாட்டுப் புரூஸ்டர் 1815-ல் வெளியிட்டார். சாதாரணக் கண்ணாடிக்கு அக்கோணம், பரப்பிற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை. அங்கு நின்று போலராய்டு வடிகட்டியை வில்லையின் முன் திருப்பினால் கூச்சம் அடங்கும். உலோகத்தின் மினுக்கமோ இவ்வாறு அடங்குவதன்று. விளக்கின் முன்னும் அத்தகைய வடிகட்டி வைத்தல் வேண்டும்.

செப்பேட்டில் வெட்டிய எழுத்துக்குப் பக்கவாட்டில் மிகத் தாழ்ந்த விளக்கே சிறந்தது. குழிகளில் நிழல் நிறைந்து எழுத்துத் தெளியும். மெருகு மாறாத நாணயத்திற்கோ, வில்லைக்கும் நாணயத்திற்கும் இடையே கண்ணாடித் தகட்டை 45 பாகை சாய்த்து, பக்கத்து விளக்கின் ஒளியை அதன்வழி நேர்கீழே செலுத்துவர்.

இத்துணை நுணுக்கம் எற்றுக்கெனின், கூறுவாம். நம் நாட்டுச் செப்புப் படிமங்கள் மெழுகிற் செய்து, மண் போர்த்து, மெழுகை உருக்கி நீக்கி வார்க்கப்படுவன. கருவை உடைத்தே படிமத்தை எடுப்பதால் ஒன்றுபோல் மற்றொன்று முற்றும் அமைவதில்லை. வார்ப்பின் வடுவும், மடிப்பின் கோடும், தேய்ந்த விரலுமே ஒவ்வொன்றிற்கும் அடையாளம். 1955-ல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தமிழகக் கோயிற் படிமங்கள் பலவற்றைப் படம் எடுத்துத் தொகுத்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் படிமத்தை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கிற்று. புதுச்சேரித் தொகுப்பிலிருந்த பழைய படம் அது எக்கோயிலதென்று காட்டும் சான்றாயிற்று. 2014-ல் படிமம் இந்தியாவிற்கு மீண்டது. கூசும் வெள்ளைப் புள்ளியொன்று அடையாள வடுவை மறைத்துவிடுமாயின், அத்தகைய படம் எங்ஙனம் சான்று பகரும்?

எனவே பழம்பொருளைப் படம் எடுப்போர், மினுக்கத்தை அடக்கவெனப் பொடியும் பூச்சும் தடவிப் பொருளைக் கெடுத்தலாகாது. பொருளை அவ்வாறே விட்டுத் திரையையும் விளக்கையும் மாற்றுக. ஒரு கெஜம் வெள்ளைத் துணியும், இரண்டு கருந்தாளும், சிறிது பொறுமையும் உடையார்க்கு இது எளிதிற் கைகூடும். நம் ஊர்தோறும் உள்ள பழஞ்செல்வங்களை இங்ஙனம் பதிந்து வைத்தல், நமக்குப் பின் வருவார்க்கு நாம் ஆற்றும் கடனாம்.