வெள்ளை பெல்ட்டுக்குள் இவ்வளவு விஷயமா? தெரியுமா?

திருநின்றவூரில் பிள்ளையைக் கராத்தே கிளாஸில் சேர்த்துவிட்டீர்களா? இல்லை, நாமே சேர்ந்தால் என்ன என்று யோசிக்கிறீர்களா? "இச்சி, நீ, சான், ஷீ" என்று பொடிசுகள் ஜப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டே பஞ்ச் விடுகிறார்களே, அதற்குப் பின்னால் எத்தனை கதை இருக்கிறது, வாருங்கள்!

கராத்தேவின் தாய்வீடு டோக்கியோ அல்ல, தெரியுமா?
ஒகினாவா என்கிற தீவுதான்! சீனாவோடு கப்பல் வணிகம் நடத்திய ரியூக்யூ என்ற தனி ராஜ்யம் அது. உள்ளூர்க் கைச்சண்டையும் சீனத்துக் குங்ஃபூவும் கலந்து அங்கே கராத்தே உருவானது. 1879இல்தான் ஜப்பான் அந்த ராஜ்யத்தை முழுசாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

முதல் கட்டா சின்னப் பிள்ளைகளுக்காகவே செய்தது, தெரியுமா?
ரகசியமாகக் கற்றுக்கொடுத்த கலையை 1901வாக்கில் ஒகினாவா பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்புக்குள் கொண்டுவந்தவர் அங்கோ இட்டோசு. கட்டா என்னும் அசைவுத் தொடர்களில் பழையவை கடினம் என்று மாணவர்களுக்காக அவர் கோத்துக் கொடுத்தவை 5 பினான் கட்டாக்கள். பின்னாளில் கராத்தேவை டோக்கியோவுக்குக் கொண்டுபோன கிச்சின் புனாகோஷி அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றினார். கூடவே முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிவிட்டார்! ஷோட்டோகான் பாணி கிளாஸில் சேர்பவர் முதலில் படிக்கும் ஹெயான் ஷோதானில் மொத்தம் 21 அசைவுகள்.

அந்த வெள்ளை யூனிஃபார்ம் கடன் வாங்கியது, தெரியுமா?
1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் உடையைத்தான் கராத்தே எடுத்துக்கொண்டது. கறுப்பு பெல்ட்டும் அங்கிருந்து வந்ததே! புனாகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலில் கறுப்பு பெல்ட் கொடுத்தது 1924இல். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று பெல்ட் டெஸ்ட்டுக்குப் பெற்றோர் பணம் கட்டும் வண்ண வரிசை பரவியதோ ஐரோப்பாவின் ஜூடோ கிளப்புகளில்!

நம்மூர்ப் பூசலார் இதைக் கேட்டால் சிரிப்பார், தெரியுமா?
கட்டா செய்யும்போது எதிரில் ஆளே இருக்காது. நாலு திசையிலிருந்தும் எதிரி வருவதாக மனசில் வைத்துத்தான் பிளாக், பஞ்ச், கிக் எல்லாம். கல்லே இல்லாமல் மனசுக்குள் கோயில் கட்டி, பல்லவ மன்னரையே திருநின்றவூருக்குத் தேடிவர வைத்தவர் பூசலார் என்கிறது பெரியபுராணம். அந்த ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் புதுசா என்ன!

போதிதர்மர் கராத்தேவைக் கண்டுபிடித்தாரா?
காஞ்சி இளவரசர் சீனா போய் ஷாவோலினில் சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற கதையை, 2011இல் வந்த 'ஏழாம் அறிவு'க்குப் பிறகு கேட்காத பிள்ளை உண்டா? ஆனால் அவரைச் சண்டைப் பயிற்சியோடு சேர்க்கும் சீன நூல் அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. வரலாற்று அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. ஜப்பானில் இன்றும் அவர் 'தருமா' பொம்மையாக இருக்கிறார் என்பது மட்டும் நிஜம். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்ணும் நிறைவேறினால் மறு கண்ணும் வரைவார்கள்!

ஜப்பான் மாஸ்டரை வரவழைத்த கவிஞர் யார், தெரியுமா?
தாகூர்! கராத்தேவுக்கு உடை கொடுத்த அந்த ஜூடோவை 1905இலேயே அவருடைய சாந்திநிகேதனில் சொல்லிக்கொடுத்தவர் ஜின்னோசுகே சானோ. 1929இல் ஷின்சோ தகாகாகி என்ற மாஸ்டர் வந்தபோது பெண்களும் களத்தில் இறங்கினார்கள்.

ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தடவை, தெரியுமா?
2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும்தான் கராத்தே இருந்தது. 2024 பாரிஸில் இல்லை. கிடைத்த அந்த ஒரு வாய்ப்பில் ஆண்கள் கட்டா தங்கத்தை வென்ற ரியோ கியுனா எந்த ஊர்க்காரர்? ஒகினாவா! அந்தத் தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுதான்.

எந்த வயதில் தொடங்கலாம்?
பள்ளி ஆசிரியராக இருந்த புனாகோஷி, கராத்தேவைச் செய்துகாட்ட 1922இல் டோக்கியோவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 53. அங்கேயே தங்கி, அடுத்த 35 ஆண்டு கற்றுக்கொடுத்தார்! ஆகவே பிள்ளையை இறக்கிவிட்டு வெளியே செல்போனைத் தடவிக்கொண்டு நிற்கும் அப்பா, அம்மா... உங்கள் அளவிலும் வெள்ளை பெல்ட் கிடைக்கும், தெரியுமா?