மலையின் படமும் மலைமக்களின் மண்ணும்

ஜவ்வாது மலையிலே, காவலூரிலே, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் விண்ணை ஆராய்கிறது. இன்று விண்ணிலிருந்தே மண்ணை அளக்கும் காலம்! செயற்கைக்கோள் எடுத்த படம். அதன்மேல் மண்ணின் ஆழம், சரிவு, மழையளவு, ஓடை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இந்தச் சரிவுக்குச் சாமை, அந்தப் பள்ளத்துக்கு நெல் என்று கணினி பிரித்துக் காட்டும். நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, ஒரு கணக்குப் பாருங்கள். 1988இல் ஏவப்பட்ட நமது ஐ.ஆர்.எஸ். 1ஏ அனுப்பிய கூர்மையான படத்திலேகூட, ஒரே புள்ளிக்குள் சுமார் 32 சென்ட் நிலம் அடங்கிக் கிடந்தது. ஏழை உழவனின் கொல்லை முழுவதுமே ஒரு புள்ளி! 2015இல் பறந்த ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்திலே புள்ளிக்கு இரண்டரை சென்ட். கண் கூர்மையாகிவிட்டது; கருத்து கூர்மையாயிற்றா? சாமையை அறுத்துவிட்டு, மண் தேறட்டும் என்று மலையாளிப் பழங்குடி உழவன் ஆறப்போட்ட நிலம், படத்திலே புதராகத்தான் தெரியும். அதைக் கண்டவர் 'தரிசு' என்று எழுதிவிட்டால், பாட்டன் திருத்திய நிலம் யாருக்குப் போகும்?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதுவரும் பழங்குடிக்கு அந்த நிலத்தில் உரிமை தருகிறது. 2012இல் திருத்தப்பட்ட விதியோ, செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது என்கிறது. முதியோர் வாக்குமூலமும் சான்றுதான். கட்டிய வரப்பும் சான்றுதான்.

ஆகவே கேட்கிறோம்: படத்தை அலுவலக அலமாரியிலே பூட்டாதீர்கள். கிராம சபையிலே விரியுங்கள். எது கொல்லை, எது காடு, எது ஆறப்போட்ட நிலம் என்று ஊர்ப் பெரியவர்கள் கைவைத்துக் காட்டட்டும். வண்ணம் பிறகு தீட்டலாம்.