ரயில் விட்டுச்சென்ற சரிவு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை, அப்பலாச்சிய மலைகளின் குறுக்கே 240 கிலோமீட்டருக்கு ஒரு பாதை ஓடுகிறது. கிரேட் அலெகெனி பாசேஜ் என்று பெயர். காருக்கும் மோட்டார் பைக்குக்கும் அங்கே அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், சில பகுதிகளில் குதிரையிலும் போகலாம். மலையைத் தாண்டும் பாதைதான், ஆனாலும் அதிகம் மூச்சு வாங்காமல் பள்ளிப் பிள்ளைகள்கூடத் தாண்டிவிடுகிறார்கள்.

இது முன்பு ரயில் ஓடிய தடம். இந்த மென்மையான சரிவுக்குக் காரணம் ரயிலின் ஒரு பலவீனம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. சமவெளியில் ஒரே எஞ்சின் ஆயிரம் டன் நிலக்கரியை இழுத்துப் போவது அதனால்தான். ஆனால் வழவழப்பான அந்தச் சக்கரத்துக்குப் பிடிமானமும் குறைவு. நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு மீட்டர் ஏறவேண்டி வந்தாலே சரக்கு ரயில் திணறும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைரயிலுக்குக் கல்லாறு தாண்டியதும் நடுவே பல்தண்டவாளம் தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான்.

1912-இல் இங்கே பாதை போட்ட வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேயின் பொறியாளர்கள் பல்தண்டவாளத்தை நாடவில்லை, மலையையே திருத்தினார்கள். மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஆறு வளைந்த இடத்தில் தாங்களும் வளைந்து போனார்கள். மேயர்ஸ்டேல் அருகே சாலிஸ்பரி பாலம் காசல்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஏறத்தாழ 580 மீட்டர் நீளத்துக்குத் தாண்டுகிறது. பிக் சாவேஜ் சுரங்கப்பாதை மலையின் வயிற்றுக்குள் ஒரு கிலோமீட்டர் போகிறது.

அந்த உழைப்பின் பலனைச் சைக்கிள்காரரின் கால்கள் உணர்கின்றன. ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் போனால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் 37 வாட் வேண்டும். நூற்றுக்கு ஆறு ஏறும் மலைச்சாலையில் அதே வேகத்துக்கு 220 வாட்! பயிற்சி இல்லாதவர் சில நிமிடங்களிலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான். இப்பாதையின் உச்சி சுமார் 729 மீட்டர். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து வந்தால் அந்த உயரம் 200 கிலோமீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது. அந்த உச்சியின் மேற்கே விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், கிழக்கே விழுவது பொட்டோமாக் வழியாக அட்லாண்டிக்குக்கும் போகிறது.

1975-இல் இந்த மலைவழியில் ரயில் நின்றது. கைவிட்ட ரயில் பாதை பாதையாகவே மிஞ்சுவது எளிதல்ல. பல இடங்களில் ரயில் நிறுவனத்துக்கு இருந்தது வழி உரிமை மட்டுமே. ரயில் போய்விட்டால் நிலம் பக்கத்து உரிமையாளருக்குத் திரும்பிவிடும். நடுவே ஒரு பாலம் பழைய இரும்பாக விற்கப்பட்டால் போதும், நெடும்பாதை இரண்டு முட்டுச்சந்துகளாகிவிடும். பின்னாளில் ரயில் மீண்டும் வரக்கூடும் என்பதற்காக இத்தகைய வழித்தடங்களைக் காப்பில் வைத்து, அதுவரை மக்கள் நடக்கவும் மிதிக்கவும் விடலாம் என்று 1983-இல் அமெரிக்கச் சட்டம் வழிசெய்தது. தொலைநோக்குள்ள சட்டங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

அதன்பிறகும் ரயில் தடத்தை மக்கள் பாதையாக்கும் வேலை ஊர் ஊராகத்தான் நடந்தது. ஓஹையோபைல் அருகே முதல் துண்டு 1986-இல் திறந்தது. தனித்தனியாக உழைத்துவந்த ஏழு உள்ளூர் அமைப்புகள் 1995-இல் கூட்டணி சேர்ந்தன. கடைசித் துண்டு 2013-இல்தான் முடிந்தது. அது மலையில் இல்லை, பிட்ஸ்பர்க்கின் வாசலில், ஆற்றங்கரைத் தனியார் நிலங்களுக்கு நடுவே இருந்தது. பாறையைக் குடைவதைவிடப் பேச்சுவார்த்தைக்கு அதிக காலம் பிடித்திருக்கிறது.

கம்பர்லாந்தில் இப்பாதை பழைய செசபீக்–ஓஹையோ கால்வாயின் கரையோடு சேர்ந்து, இன்னும் 297 கிலோமீட்டர் நீண்டு வாஷிங்டனை எட்டுகிறது. படகிழுத்த கோவேறு கழுதைகளுக்காகப் போட்ட கரை என்பதால் அங்கும் ஏற்றம் சொற்பம்.

நாளுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதிப்பவருக்கு வழியில் சோறும் படுக்கையும் வண்டி பழுதுபார்க்க ஆளும் வேண்டும். நிலக்கரியும் ரயிலும் போய் வேலை இழந்த ராக்வுட், கான்ஃப்ளூயன்ஸ் போன்ற சிற்றூர்களில் இன்று அந்தத் தேவையை நம்பி விடுதிகளும் கடைகளும் நடக்கின்றன. விழுந்த மரத்தை அகற்றுவதும் வடிகாலைத் தூர்வாருவதும் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள்தான். குளிர்காலத்தில் பிக் சாவேஜின் இரு வாய்களும் கதவிட்டு மூடப்படுகின்றன. கசியும் நீர் உறைந்து விரிந்தால் சுவர் வெடித்துவிடும்.