காணாமல் போனவரைத் தேடலாம். குற்றவாளியைத் தேட வேண்டாம்

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்று வடமாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் குரல் பதிவுகளும் பறந்துகொண்டிருந்தன. பழவேற்காட்டில் தனியாகச் சுற்றித் திரிந்த, சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கூட்டம் பிடித்து அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டது. அவர் மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று செய்திகள் வந்தன. அதே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்ட குடும்பம் ஒன்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதற்காகவே அடிபட்டது, 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார்.

அடித்தவர்கள் யாரும் தங்களைக் கொலைகாரர்களாக நினைக்கவில்லை. துப்புத் துலக்கிவிட்டதாகவே நினைத்தார்கள். ஊரில் ஒருவர் காணாமல் போகும்போது நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை இந்த இரண்டு கொலைகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

யூகம் எங்கே சறுக்குகிறது?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விடுமுறை நாளில் ஒருவர் சைக்கிளில் பழவேற்காடு வந்து, லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனார். இரவாகியும் வீடு திரும்பவில்லை. செயலியில் அவர் போன பாதை ஒரு கோடாகத் தெரிகிறது; ஒரு மீனவக் குப்பத்தின் அருகே அந்தக் கோடு முடிகிறது. உடனே, 'அந்தக் குப்பத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது' என்று யாரோ எழுதுகிறார்கள்.

கோடு முடிந்த இடம் ஆள் நின்ற இடம் ஆகாது. சார்ஜ் தீர்ந்திருக்கலாம், சிக்னல் போயிருக்கலாம். 'கடைசி டவர்' என்பதும் அப்படித்தான். ஒரு டவர் கிலோமீட்டர் கணக்கில் பரப்பைப் பார்க்கிறது. வெட்டவெளியான நீர்ப்பரப்பில் சிக்னல் இன்னும் தூரம் போகும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால், இந்தக் கரையில் நிற்பவரின் போனை அந்தக் கரையின் டவர் பிடிக்கவும் வாய்ப்புண்டு.

2017 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் 63 வயதுக்காரர் ஒருவர் புற்றுநோய்க்கு நிதி திரட்ட சைக்கிளில் கிளம்பி, இரவில் ஒரு ஹோட்டல் வாசலில் கடைசியாகக் காணப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் கிடைக்கவில்லை. குடிபோதையில் காரோட்டி அவர் மீது மோதியவன், தன் சகோதரனோடு சேர்ந்து உடலைப் புதைத்திருந்தான். அவனுடைய தோழி தனக்குத் தெரிந்ததைப் போலீசிடம் சொன்ன பிறகே 2021 ஜனவரியில் உடல் கிடைத்தது. வரைபடத்தை வைத்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

தவறான யூகத்தின் விலைக்கும் உதாரணம் உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவரை 'குண்டு வைத்தவர்' என்று இணையத்தில் அறிவித்தார்கள். சில நாட்களில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அதற்குள் வசைகளையும் சுமந்துவிட்டது.

குடும்பத்தின் உரிமைகள்

* 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடனே ஸ்டேஷனுக்குப் போகலாம், 112-ஐ அழைக்கலாம்.
* குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் கொடுத்தால், எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. தமிழ்நாடா ஆந்திராவா என்று அலைக்கழிக்க இடமில்லை.
* எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மனு மட்டும் வாங்கினால் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.
* பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் மனு அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும்.
* காணாமல் போனது குழந்தை என்றால், கடத்தலாக இருக்கலாம் என்ற அடிப்படையிலேயே வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.
* யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

சிசிடிவியில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். அதனால் எந்தக் கடை, எந்த பெட்ரோல் பங்க், எத்தனை மணி என்று மனுவிலேயே எழுதி, அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். போன் அழைப்பு விவரங்களைச் சட்டப்படி கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. 'காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால், அது குற்றம், விலகிவிடுங்கள்.

தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

சந்தேகப்பட்டவரை மடக்கிப் பிடித்துவைக்கப் பொதுமக்களுக்கு அதிகாரம் இல்லை. ஜாமீனில் வர முடியாத கடுமையான குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவரையோ, தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரையோ மட்டுமே பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒருவரைக் குற்றவாளி என்று பொய்யாகப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி அவதூறு. இரண்டு ஆண்டு வரை சிறை. கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று 2018 ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கண்டுபிடிக்கிற ஆர்வத்தில் ஏரியில் படகை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தின் நீரோட்டம் தெரிந்த மீனவர்களோடு, போலீசின் ஏற்பாட்டில்தான் தேடல் நடக்க வேண்டும். கடலோரம் பற்றிய தகவலுக்கு மரைன் போலீஸ் எண் 1093. கடலோரக் காவல்படை 1554.

குடும்பத்தின் போன் நம்பரை ஊரெல்லாம் பரப்புவதிலும் ஆபத்து உண்டு. 'உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்புங்கள்' என்று மோசடிக்காரர்கள் கூப்பிடுவார்கள். அறிவிப்பில் ஸ்டேஷன் நம்பரைப் போடுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இன்னொன்று: 18 வயது நிரம்பியவர் தன் விருப்பப்படி வீட்டை விட்டுப் போயிருக்கலாம். அவர் நலமாக இருப்பது தெரிந்த பிறகு, எங்கே இருக்கிறார் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் பகிர்ந்தவர்கள் அதை நீக்கிவிட வேண்டும்.

உங்கள் மேல் பழி விழுந்தால்

பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், அனுப்பியவர் நம்பர் தெரிய வேண்டும். பதில் சண்டை போடாதீர்கள். ஸ்டேஷனிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுங்கள். சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். வீட்டு வாசலில் கூட்டம் கூடினால் முதல் வேலை 112.

ஊர் நிர்வாகிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காணாமல் போனவரை நீங்கள் கடைசியாகப் பார்த்தவராக இருக்கலாம். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனார், என்ன உடை, கூட யார் என்பதைப் போலீசிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'அவன்தான் செய்திருப்பான்' என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.