வாங்கிய விலையும் கட்டிய அணியும்

ஆண்டுதோறும் கோடைகாலத்தில் ஐரோப்பாவின் உதைபந்தாட்ட மைதானங்கள் ஓய்வு கொள்கின்றன. ஆனால் கழகங்களின் பணப்பெட்டிகள் திறக்கும் காலமும் அதுவே. இன்ன வீரரை இன்ன கழகம் இத்தனை கோடிக்கு வாங்கிற்று என்னும் செய்தி அக்காலத்தில் நாள்தோறும் வருகின்றது. பருவம் முடிவுற்றதும் அதே செய்தி முகாமையாளர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டாகத் திரும்பி வருகின்றது. "இத்தனை கோடியை இறைத்தாரே, கிண்ணம் எங்கே?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "பணம் இருந்தும் வீரரை வாங்காது காலம் கழித்தாரே!" என்று மற்றொரு சாரார் குறைகூறுகின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் அடியிலே ஒரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. வீரரை வாங்குவதிலும் விற்பதிலும் ஒரு முகாமையாளர் காட்டிய திறமையை எந்த அளவுகோலால் அளப்பது? அதனையே இன்று ஆராய்வோம்.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. ஒரு வீரர் ஒரு கழகத்துடன் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்திருப்பார். அவ்வொப்பந்தக் காலம் முடியுமுன் வேறொரு கழகம் அவரை விரும்பினால், முதற் கழகத்துக்கு ஒரு தொகை செலுத்தி அவரை விடுவிக்க வேண்டும். அதனை மாற்றுத்தொகை என்போம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் மாற்றுத்தொகை இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் பொஸ்மனின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு இதனை உறுதிசெய்தது. வாங்கியதற்குக் கொடுத்த மாற்றுத்தொகையிலிருந்து விற்றதாற் பெற்ற மாற்றுத்தொகையைக் கழித்தால் மிஞ்சுவது நிகரச் செலவு. முகாமையாளரை எடைபோடுவோர் பெரும்பாலும் இந்த ஓர் இலக்கத்தையே கையில் எடுக்கின்றனர்.

இந்த இலக்கம் போதுமா என்பதை ஓர் உண்மை வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். இலண்டன் ஆர்சனல் கழகத்தை 1996 முதல் 2018 வரை நடத்திய ஆர்சென் வெங்கர் இதற்கு மிகப் பொருத்தமானவர். பிரான்சு நாட்டவரான அவர் ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்றவர். யப்பானிய கழகமொன்றிலிருந்து இலண்டனுக்கு வந்தவர். முற்பாதியிலே அவருடைய சிக்கனத்தை உலகம் மேதைமை என்று போற்றிற்று. பிற்பாதியிலே அதே சிக்கனத்தைக் காட்டி, அவர் விலக வேண்டும் என்று சொந்த இரசிகர்களே பதாகை தூக்கினர். ஒரே மனிதர், ஒரே கொள்கை, இரு தீர்ப்புகள். எங்கோ அளவுகோல் பிழைத்திருக்கின்றது என்பது வெளிப்படை.

முதலிலே புகழ்ச்சிக்குரிய கணக்கைக் காண்போம். நிக்கொலா அனெல்கா என்ற பதினேழு வயது இளைஞரை 1997 இல் 5 இலட்சம் பவுணுக்கு வெங்கர் பெற்றார். இரண்டரை ஆண்டுகளின் பின், 1999 இல், அவரை ஸ்பானியாவின் ரியல் மட்ரிட் கழகத்துக்கு 2 கோடியே 20 இலட்சம் பவுணுக்கு மேல் விற்றார். அப்பணத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டு தியெரி ஹென்றியை இத்தாலியிலிருந்து வாங்கினார். எஞ்சிய பணம் இலண்டன் கோல்னி என்னுமிடத்திற் புதிய பயிற்சி நிலையம் அமைக்க உதவிற்று. ஹென்றியோ 228 கோல்களைப் பெற்று, ஆர்சனல் வரலாற்றிலேயே அதிக கோல் பெற்றவர் ஆனார். ஒரு விற்பனையால் கழகம் சிறந்த முன்வரிசை வீரரையும் பயிற்சி நிலையத்தையும் ஒருங்கே பெற்றது.

2003-04 ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த அணி பிரீமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோற்கவில்லை. 26 வெற்றி, 12 சமநிலை. அணியின் விலைகளை நோக்குங்கள். பின்வரிசையில் நின்ற கோலோ தூரே 1 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்கு வந்தவர். அவர் அருகில் நின்ற சொல் கம்பெல், ஒப்பந்தம் முடிந்ததும் அயற்கழகமான டொட்டன்ஹாமிலிருந்து மாற்றுத்தொகையின்றி வந்தவர். அஷ்லி கோல் கழகத்தின் இளைஞர் பிரிவில் வளர்ந்தவர். நடுக்களத்தின் தூணாகிய பற்றிக் வியெய்ரா 35 இலட்சம் பவுணுக்கு வந்தவர். அதே பருவத்தின் தொடக்கத்தில், ரஷ்யச் செல்வந்தர் அப்ரமோவிச்சின் கைக்கு மாறிய செல்சிக் கழகம் 10 கோடி பவுணுக்கு மேல் செலவிட்டது. இருந்தும் அக்கழகம் அவ்வாண்டு இரண்டாம் இடத்தையே பெற்றது.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நிகரச் செலவு என்னும் அளவுகோல் போதுமானது போலவே தோன்றும். ஆனால் நான்கு கணக்குகள் விடுபட்டுள்ளன.

முதலாவது, காலத்தின் விலை. 35 இலட்சம் பவுண் என்பது இன்று சிறு தொகையாகத் தோன்றலாம். வியெய்ரா வாங்கப்பட்ட 1996 ஆம் ஆண்டில் உலகின் மிக உயர்ந்த மாற்றுத்தொகை, அலன் ஷியரருக்காக நியூகாசில் கழகம் கொடுத்த 1 கோடியே 50 இலட்சம் பவுண். அதனோடு ஒப்பிட்டால் வியெய்ராவின் விலை நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2017 இலோ நெய்மார் என்ற பிரேசில் வீரருக்குப் பரிஸ் கழகம் 22 கோடியே 20 இலட்சம் யூரோ கொடுத்தது. ஆதலால், இருபது ஆண்டு இடைவெளியுள்ள இரு தொகைகளை அப்படியே அருகருகே வைப்பது, பாட்டனார் காலத்து நெல் விலையையும் இன்றைய நெல் விலையையும் ஒன்றாகக் கருதுவதற்கு ஒப்பாகும். அந்தந்த ஆண்டின் சந்தையில் அத்தொகை எத்தனையாவது இடத்தைப் பெற்றது என்பதே வினவத்தக்கது.

இரண்டாவது, சம்பளம். மாற்றுத்தொகை ஒருமுறை கொடுப்பது. சம்பளம் வாரந்தோறும் கொடுப்பது. கம்பெல் மாற்றுத்தொகையின்றி வந்தாராயினும் அவருக்கு உயர்ந்த சம்பளம் வழங்கவேண்டியிருந்தது. அச்செலவு நிகரச் செலவு என்னும் இலக்கத்திற் காணப்படுவதில்லை. சைமன் கூப்பர் என்ற பத்திரிகையாளரும் ஸ்டெபான் சைமன்ஸ்கி என்ற பொருளியலாளரும் 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கழகங்களின் கணக்கை எடுத்துக்காட்டினர். கழகங்கள் லீக்கிற் பெற்ற இடங்களின் வேறுபாட்டில் நூற்றுக்கு 16 பங்கையே மாற்றுச் செலவு விளக்கிற்று. சம்பளச் செலவோ 92 பங்கை விளக்கிற்று. நல்ல வீரர் யார் என்பதைச் சம்பளம் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றது. மாற்றுத்தொகையோ அவசரத்தாலும் பேரத்தாலும் ஏறியிறங்குவது. ஆகவே, ஒரு முகாமையாளரின் அணி சம்பளச் செலவில் எத்தனையாவது இடத்தில் இருந்தது, லீக்கில் எத்தனையாவது இடத்தில் முடிந்தது என்று ஒப்பிடுவது நேர்மையான சோதனை. 2011-12 ஆம் பருவத்தில் ஆர்சனல் சம்பளச் செலவில் நான்காம் இடத்திலும் லீக்கில் மூன்றாம் இடத்திலும் இருந்தது. அவ்வாண்டிலும் வெங்கரைத் தூற்றியோர் பலர்.

மூன்றாவது, கையில் கிடைத்த முதல். புதிதாகப் பொறுப்பேற்பவர் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. வெங்கர் வந்தபோது டேவிட் சீமன் என்ற கோல் காப்பாளரும், தோனி அடம்ஸ் தலைமையில் இறுகிய பின்வரிசையும் ஆயத்தமாக நின்றன. ஜோர்ஜ் கிரஹாம் என்ற முன்னைய முகாமையாளர் விட்டுச்சென்ற சொத்து அது. டெனிஸ் பேர்காம்ப் என்ற ஒல்லாந்து வீரரும் 1995 இலேயே வாங்கப்பட்டவர். 1998 இல் ஆர்சனல் லீக்கையும் எஃப். ஏ. கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. அவ்வெற்றியில் வெங்கரின் உழைப்பு பெரிது; ஆயினும் அவ்வணியில் முன்னோர் இட்ட அத்திவாரமும் உண்டு. மரபுச் சொத்தாக வந்ததைத் தன் சம்பாத்தியமாக எழுதுவதும் தவறு. முன்னவர் விட்டுச்சென்ற கடனைப் பின்னவர் தலையில் எழுதுவதும் தவறு.

நான்காவது, இடப்பட்ட கட்டளை. 2006 இல் ஆர்சனல் 38,000 பேர் இருந்து பார்க்கத்தக்க ஹைபரி மைதானத்தை விட்டு, 60,000 பேருக்கு மேல் கொள்ளும் புதிய மைதானத்துக்குச் சென்றது. அதற்கான செலவு ஏறத்தாழ 39 கோடி பவுண். கடனை அடைக்கும் காலத்திலே, விலையுயர்ந்த வீரரை வாங்காமல், ஆண்டுதோறும் முதல் நான்கு இடங்களில் ஒன்றைப் பெற்று, ஐரோப்பியப் போட்டி வருவாயைக் காக்கும் பொறுப்பு முகாமையாளரின் தோளில் விழுந்தது. அதே காலத்திற் செல்சியும், 2008 இன் பின் மன்செஸ்டர் சிற்றியும், உரிமையாளரின் செல்வத்தால் வளர்ந்தன. வெங்கரின் அணி 1996-97 முதல் 2015-16 வரை இருபது பருவங்கள் இடையறாது முதல் நான்கு இடங்களுக்குள் நின்றது. கிண்ணம் வெல்லும்படி பணிக்கப்பட்டவரையும் கடன் தீர்க்கும்படி பணிக்கப்பட்டவரையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியன்று.

அப்படியானால் வெங்கர் குறையற்றவரா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் அவருடைய குறை, கூட்டம் சுட்டிக்காட்டிய இடத்தில் இல்லை.

வாங்கும் வீரர் அனைவரும் சோபிப்பர் என்று எதிர்பார்ப்பது பேதைமை. 2001 இல் 80 இலட்சம் பவுணுக்கு வந்த பிரான்சிஸ் ஜெபர்ஸ் என்ற முன்வரிசை வீரர் ஆர்சனலுக்காக லீக் ஆட்டங்களில் 4 கோல்களே பெற்றார். இத்தகைய தவறு எல்லா முகாமையாளர்க்கும் உரியது. அதனாற் கழகம் அழிவதில்லை. அணியின் சமநிலையைக் கவனியாது விடுவதே பாரதூரமானது. 2008 கோடையில் நடுக்களத்தைக் காத்த பிளமினி ஒப்பந்தம் முடிந்து மாற்றுத்தொகையின்றி இத்தாலிக்குச் சென்றார். அதே கோடையில் கில்பேர்ட்டோ சில்வா கிரேக்க நாட்டுக்குச் சென்றார். அவ்விடத்தை நிரப்ப அதே உறுதியுள்ள ஒருவர் உடனே வரவில்லை. பந்தை அழகாக நகர்த்தும் இளைஞர் பலர் இருந்தனர். பின்வரிசைக்கு முன்னே காவல் நிற்பவர் அரிதாயினர். வீட்டுக்கு அழகிய சாளரங்கள் பல வைத்து, வாயிற்கதவை மறந்தது போலாயிற்று. 2011 ஆகஸ்டில் மன்செஸ்டர் யுனைற்றெட்டிடம் 8 கோலுக்கு 2 ஆகத் தோற்ற நாளில் அக்குறை எல்லோர் கண்ணிலும் பட்டது.

இரண்டாவது குறை, ஒப்பந்தங்களின் காலத்தைக் கவனியாமை. 2012 இல் றொபின் வான் பேர்சியின் ஒப்பந்தத்தில் ஓராண்டே எஞ்சியிருந்தது. அவர் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பவுணுக்கு மன்செஸ்டர் யுனைற்றெட்டுக்கு விற்கப்பட்டார். 2004 இல் 30 இலட்சத்துக்கும் குறைவான பவுணுக்கு வாங்கப்பட்டவர் ஆதலால், கணக்கேட்டில் இது இலாபம். ஆனால் அடுத்த பருவத்திலே அவர் 26 லீக் கோல்களைப் பெற்றார். கிண்ணம் யுனைற்றெட்டுக்குப் போயிற்று. எதிராளிக்கு வாளை விற்று இலாபம் கண்டவன் கதையை இது நினைவூட்டுகின்றது. 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சஞ்சேஸ் விடயத்திலும் இவ்வாறே ஆயிற்று. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருந்தமையால், பணம் பெறாது, யுனைற்றெட்டின் வேறொரு வீரரை மாற்றாகப் பெற்று அவரை அனுப்பவேண்டி நேர்ந்தது.

இவற்றுள் ஒன்றேனும் நிகரச் செலவு என்னும் ஒற்றை இலக்கத்திற் குறையாகத் தோன்றாது. வான் பேர்சியின் விற்பனை அதிலே வெற்றியாகவே பதிவாகும். ஆகவேதான் அவ்விலக்கம், நல்லதைப் புகழ்வதற்கும் உதவாமல், தீயதைக் கண்டிப்பதற்கும் உதவாமல் போகின்றது.

நேயர்களே, இனி ஒரு முகாமையாளரைப் பற்றிய விவாதம் எழும்போது சில வினாக்களை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். கொடுத்த விலை அவ்வாண்டின் சந்தையிற் பெரிதா, சிறிதா? சம்பளச் செலவிற் கழகம் நின்ற இடத்துக்கு மேலே முடிந்ததா, கீழே முடிந்ததா? அவர் பெற்றுக்கொண்ட அணி எத்தகையது? அவரை அமர்த்தியோர் அவரிடம் கேட்டது யாது? வீரர்களின் வயதும் ஒப்பந்தமும் ஒரே வேளையில் முடியாதபடி அவர் ஒழுங்கு செய்தாரா? அணியின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் உண்டா? இறுதியாக, அவர் நீங்கிய நாளில் அடுத்தவர் கையில் எதனை விட்டுச் சென்றார்?

வெங்கருக்கு இவ்வினாக்களை இட்டுப் பார்த்தால் மூன்று லீக் வெற்றிகளும், ஏழு எஃப். ஏ. கிண்ணங்களும், பெருங்கடனிலும் தளராத ஒரு கழகமும் ஒரு தட்டில் நிற்கும். காவலற்ற நடுக்களமும் கைநழுவிய ஒப்பந்தங்களும் மறு தட்டில் நிற்கும். முதல் தட்டே தாழும் என்பது எமது துணிபு. வேறு முடிவுக்கு வருவோரும் இருக்கலாம். ஆயினும், ஒரு மனிதரின் இருபத்திரண்டு ஆண்டு உழைப்புக்குத் தீர்ப்புக் கூறுமுன், கணக்கேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் படித்து மூடிவிடாமல், எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பதே முறையாகும்.